பலா மணக்கும் பாதையிலே

விழுப்புரத்திலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், கெடிலம் ஆற்றை அடுத்து அமைந்திருக்கும் ஊர் பண்ருட்டி. சித்திரை பிறந்து ஆடி முடியும் வரையில் இவ்வூருக்கு வருகிறவர் எவரிடமும் வழி கேட்க வேண்டிய அவசியமில்லை. பலாவின் மணமே அழைத்துச் சென்றுவிடும். மண்டிகளில் பழங்கள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். கைக்கடக்கமான பழமும் உண்டு; 30 கிலோ எடையுள்ள, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பழமும் உண்டு. ஊருக்கு வெளியே செம்மண் மேடுகளில் பலாவும் முந்திரியும் அடுத்தடுத்து நிற்கின்றன. போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த முந்திரி, இன்று இவ்வட்டாரத்து ஏழை எளியவரின் அடுப்பெரியச் செய்யும் மரமாகிவிட்டது. கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் விரல்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கறுத்திருப்பதை இங்கே காணலாம். திருநாளன்று நம் வீட்டுப் பாயசத்தில் முந்திரிப் பருப்பு மிதக்கும்போது, அந்தக் கறுத்த விரல்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

மண்டியில் பழகிய வியாபாரி பலாப்பழத்தை அறுத்துப் பார்த்து வாங்குவதில்லை. கையால் தட்டிப் பார்க்கிறார். காய்க்கு ஓர் ஓசை, கனிக்கு ஓர் ஓசை. "இது இன்னும் நாளாகும்" என்று ஒன்றை ஒதுக்குகிறார். "இது இன்றைக்கு ஆகும்" என்று மற்றொன்றைத் தோளில் ஏற்றுகிறார். வெளியே பார்க்கும் நமக்கோ இரண்டும் ஒன்றுபோலவே முள்ளாய்த் தோன்றுகின்றன.

மனித உள்ளத்துக்கும் இத்தகைய ஒரு பருவம் உண்டு. நூறு முறை காதில் விழுந்த உண்மை, நூற்றோராவது முறை நெஞ்சில் இறங்குகிறது. ஒரு நோயோ, ஓர் இழப்போ, யாரோ சொன்ன ஒரு சொல்லோ காரணமாக, மனிதன் நின்று திரும்பிப் பார்க்கிறான். அதன்பின் அவன் பழைய மனிதன் அல்லன். இதனை நம் முன்னோர் ஞானம் பிறத்தல் என்று அழைத்தனர். தமஸ்கு நகருக்குச் சென்ற வழியில் சவுலுக்கு நேர்ந்தது இதுவே. அந்தப் பேரொளியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதற்கு முன்னே, கல்லெறிந்தவர்களுக்காக மன்றாடிக்கொண்டே உயிர்விட்ட புனித முடியப்பர் இருந்தார் என்பதையும், அதற்குப் பின்னே அஞ்சி அஞ்சி வந்து சவுலின் தலைமீது கைகளை வைத்த அனனியா இருந்தார் என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஞானம் பிறக்கும் அக்கணம் இறைவனுடைய கொடை. அதை நாம் உண்டாக்கவும் முடியாது, விலைக்கு வாங்கவும் முடியாது. ஆனால் அதற்கு முந்திய காத்திருப்பும், அதற்குப் பிந்திய உழைப்பும் மனிதர் கையில் விடப்பட்டிருக்கின்றன. பண்ருட்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுற்றிவரும் ஒருவருக்கு, இவ்வுண்மையை ஊரும் மண்ணும் மரமுமே எடுத்துரைப்பதை நாம் கண்டோம். அதனையே இங்கு எழுதுகிறோம்.

திருவதிகையில் ஒரு தமக்கை

பண்ருட்டியிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில், கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயில் சைவ சமயத்தாரின் பழம்பெரும் தலங்களுள் ஒன்று. கத்தோலிக்கக் குரு ஒருவர் அதன் வாயிலில் நின்று சிந்திப்பது ஏன் என்று வாசகருள் சிலர் வியக்கக்கூடும். பிற சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில் கற்பித்திருக்கிறது. அண்டை வீட்டாரின் அரும்பொருளை மரியாதையோடு பார்ப்பதால் நம் வீட்டுச் செல்வம் குறைந்துவிடாது; பல வேளைகளில் நம்மிடமுள்ளதன் அருமை அப்போதுதான் விளங்குகிறது.

7ஆம் நூற்றாண்டில், இவ்வூருக்கு அண்மையிலுள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் என்ற பெற்றோருக்கு இரு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் உலகம் பின்னாளில் போற்றியவர் இந்த இளையவரே. சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் கூறும் வரலாற்றின்படி, பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் என்ற படைத்தலைவரும் போரில் மாண்டார். தாமும் உயிர் விடத் துணிந்த அப்பெண்மணி, தம்பியின் கண்ணீருக்காக அம்முடிவைக் கைவிட்டார். தம்பிக்காகவே உயிர் தாங்கினார்.

அந்தத் தம்பியோ வளர்ந்ததும் சமண சமயத்தைத் தழுவித் திருப்பாதிரிப்புலியூரிலிருந்த சமணர் பள்ளிக்குச் சென்றுவிட்டார். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கும் உயர்ந்தார். கல்வியாலும் தவத்தாலும் தமிழை வளப்படுத்திய சமணரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது, தனித்து விடப்பட்ட அந்தத் தமக்கை செய்ததையே. அவர் தம்பியைத் தேடிச்சென்று வாதாடவில்லை, சபிக்கவுமில்லை. திருவதிகைக் கோயிலை நாள்தோறும் கூட்டினார், மெழுகினார், மாலை தொடுத்தார், தம்பிக்காக வேண்டிக்கொண்டார். இவ்வாறு ஆண்டுகள் பல சென்றன.

ஒரு நாள் தம்பியைச் சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. துடித்த அவர், தமக்கை இருக்கும் திருவதிகைக்கு இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். தமக்கையார் அவரை ஏற்றுக்கொண்டு, திருநீறு அளித்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். வலி நீங்கியது, அவருடைய வாழ்வும் திரும்பியது. அதன்பின் பல்லாண்டுகள் உழவாரப்படை என்னும் கருவியைக் கையிலேந்தி, ஊர் ஊராகச் சென்று கோயில் வளாகங்களில் புல் செதுக்கிய தொண்டராகவே அவரைச் சைவ உலகம் நினைவு கூர்கிறது. தமக்கையின் கையில் துடைப்பம். தம்பியின் கையில் புல் செதுக்கும் கருவி. இடையில் ஒரே ஓர் இரவு.

இவ்வரலாற்றைக் கேட்கும் கத்தோலிக்கர் எவருக்கும் புனித மோனிக்கம்மாளின் நினைவு வராமற் போகாது. வட ஆப்பிரிக்காவில் 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தினார் வழி தவறிய ஆண்டுகளிலெல்லாம், தாயின் கண்ணீர் அவரைக் கடல் கடந்தும் தொடர்ந்து சென்றது. 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அவருடைய உள்ளம் உடைந்து திறந்தது. 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பின்போது ஆயர் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், மோனிக்கம்மாள் அமைதியாகக் கண் மூடினார்.

ஆயினும் எல்லாத் தாயருக்கும் மிலான் தோட்டம் இவ்வுலகிலேயே வாய்த்துவிடுவதில்லை. நம் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். குடிக்கு அடிமையான அவருடைய மகன் வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளாகின்றன. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் வந்து, "சாமி, எத்தன வருசத்துக்குத்தான் செபமாலை சொல்றது? மாதாவுக்குக் காது கேக்கலயா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு மறையுரையில் விடை கூறுவது எளிது; கோயில் வாசலில் அவர் முகத்தைப் பார்த்துக் கூறுவது எளிதன்று. "நாளைக்கும் வாங்கம்மா, சேர்ந்து சொல்லுவோம்" என்று மட்டுமே கூறினோம்.

அவர் மறுநாளும் வந்தார், இன்றும் வருகிறார். மகன் இன்னும் வரவில்லை. ஆனால் பின்னர் நாம் ஒன்றை அறிந்தோம். அவருடைய தெருவில், குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபட்டுப் பிள்ளைகளோடு ஓடிவரும் ஓர் இளம்பெண்ணுக்கு நள்ளிரவில் கதவு திறப்பவர் இந்த அம்மாள்தாம். கதவைத் தாளிடாமல் மகனுக்காகக் காத்திருந்த பழக்கம், வேறொருத்தியின் மகளுக்கு அடைக்கலமாயிற்று. காத்திருப்பு என்பது வரம் வாங்குவதற்காகச் செலுத்தும் விலையன்று. அது நம் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்கிறது. ஊதாரி மகனின் தந்தை தொலைவிலேயே அவனைக் கண்டுகொண்டது, வழியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்றோ?

கோணாங்குப்பத்தில் ஒரு முனிவர்

பண்ருட்டியிலிருந்து மேற்கே, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைக் கடந்து விருத்தாசலம் சென்று, அங்கிருந்து கிராமப் பாதையில் திரும்பினால் கோணாங்குப்பம் வருகிறது. புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருப்பயணம் செல்லும் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் இது. முகாசாபரூர் கச்சிராயரின் உதவியோடு வீரமாமுனிவர் இக்கோயிலை எழுப்பினார் என்பது இவ்வட்டார மரபு. தேவதாய் இங்கே தமிழ்ப் பெண்ணின் கோலத்தில், கையில் குழந்தையோடு நிற்கிறார்.

வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். இளைஞரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. இயேசு சபையில் சேர்ந்து, தம் 30ஆம் வயதளவில் இந்தியா வந்தார். போதிக்க வந்தவர், முதலில் மாணவராக அமர்ந்தார். அகரம் தொடங்கித் தமிழ் கற்றார். இலக்கணமும் இலக்கியமும் கற்றார். சதுரகராதி என்னும் அகராதியைத் தந்தார். பரமார்த்த குருவின் கதையால் நம் பாட்டன்மாரைச் சிரிக்க வைத்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். 1747ஆம் ஆண்டு இறக்கும் வரையில் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை.

தேம்பாவணியின் தலைவர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். காப்பியம் என்றால் போரும் வெற்றியும் கொண்ட மன்னர்களே தலைவராவது வழக்கம். முனிவரோ ஒரு தச்சரைத் தேர்ந்துகொண்டார். நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மத்தேயு நற்செய்தியின்படி 4 முறை அவருக்குக் கனவில் இறைவனின் அறிவிப்புக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் செய்வது ஒன்றே: விழித்தெழுகிறார், சொன்னதைச் செய்கிறார். மரியன்னையை ஏற்றுக்கொள் என்ற கட்டளை வந்தபோது ஏற்றுக்கொள்கிறார். எகிப்துக்கு ஓடு என்றபோது, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். கனவைப் பற்றி எவரிடமும் பேசிப் பெருமை கொண்டதாகச் செய்தியில்லை.

தியானம் முடிந்து வீடு திரும்பும் நம் மக்களைப் பார்க்கிறோம். மூன்று நாள் கண்ணீர் விடுகின்றனர், பாவசங்கீர்த்தனம் செய்கின்றனர், முகங்கள் ஒளிர்கின்றன. அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆனால் நான்காம் நாள் காலையில், பத்து வருடமாகப் பேசாத அண்ணன் வீட்டுப் படியேறினாரா என்பதே கேள்வி. உள்ளத்தில் விழுந்த ஒளி அன்றே காலுக்கும் கைக்கும் இறங்காவிடில், அது நல்லதொரு கனவாகவே முடிந்துவிடும். சூசையப்பர் கனவு கண்டதனால் மட்டும் புனிதராகவில்லை. எழுந்து புறப்பட்டதனால் புனிதரானார்.

சாய்ந்த தோப்பும் யோபுவின் கதையும்

கோணாங்குப்பத்திலிருந்து மீண்டும் பண்ருட்டியின் செம்மண் காட்டுக்கு வருவோம். இன்று பச்சைப்பசேலெனத் தோன்றும் இத்தோப்புகளைக் காண்பவருக்கு, ஒரு நாள் இவை எப்படிக் கிடந்தன என்பது தெரியாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் நட்சத்திரங்கள் வீட்டு வாசல்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. சில மணி நேரத்துக்குள் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்டு, தகப்பன் காத்து, மகன் பலன் கண்ட மரங்கள் அவை.

மரங்களை இழந்த ஓர் உழவர் நம்மிடம் கூறிய சொல் மறக்கக்கூடியதன்று. "சாமி, வீடு இடிஞ்சா மூணு மாசத்துல கட்டிப்புடலாம். பலா மரத்த எந்தக் கொத்தனார வச்சுக் கட்டறது?" என்றார். அதற்கு விளக்கம் கூற முயல்வது அறிவீனம். அறிவீனத்தை விடவும் கேடானது, அது அவருடைய பாவத்துக்குத் தண்டனை என்று கூறுவது. யோபுவின் நண்பர்கள் அத்தவற்றைத்தானே செய்தார்கள்? ஏழு நாள் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியதும் அவருக்குச் சுமையானார்கள்.

யோபுவின் கதையால் வாழ்வு திரும்பிய ஒருவரை நம் தமிழகத் திருச்சபை பெற்றிருக்கிறது. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். வீட்டில் அடுக்கடுக்காக இழப்புகள் நேர்ந்து அவர் மனம் சோர்ந்திருந்த காலத்தில், டிலனாய் என்ற கத்தோலிக்கப் படைத்தலைவர் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அதைக் கூறியவர் யார்? 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர் தரப்பில் நின்று தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்க அமர்ந்தவர். தாமும் எல்லாவற்றையும் இழந்தவராதலால், இழந்தவரோடு எவ்வாறு பேசுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இழந்த செல்வம் திரும்பி வந்ததா? இல்லை. 1749இல் சிறைப்பட்டார். அவமானங்களும் அடிகளும் தொடர்ந்தன. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். யோபுவின் கதை அவருடைய துன்பத்துக்குக் காரணம் கூறவில்லை. துன்பத்தின் நடுவிலும் கைவிடாத ஒருவரைக் காட்டியது. அதைக் கேட்ட கணம் ஒன்று. அதை வாழ்ந்து காட்டியவையோ திருமுழுக்குக்குப் பிந்திய ஏழு ஆண்டுகள்.

நம் உழவர் யோபு ஆகமத்தைப் படித்தவரா என்பதை நாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு அவர் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தி, குழி தோண்டிப் பலாக் கன்று ஊன்றினார். அப்போதே அவருக்கு 60 வயதைக் கடந்திருந்தது. கன்று மரமாகிக் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். "இந்தப் பழத்த நான் திங்கணும்னா நடறேன்? எங்க தாத்தா நட்டாரு, நான் தின்னேன், அந்தக் கடன் இருக்குல்ல சாமி" என்றார். விசுவாசம் என்னும் சொல்லுக்கு இறையியல் நூல்கள் பல விளக்கங்கள் தருகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்க சொல் இது.

அன்பார்ந்த குடும்பங்களே! உங்கள் வீட்டிலும் வழி தவறிய ஒருவர் இருக்கலாம். அவரைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்ட வீடுகளும் உண்டு. இன்று இரவுச் செபத்தில் அவர் பெயரை மீண்டும் சொல்லுங்கள். உங்கள் உள்ளத்திலேயே ஒளி பட்ட நாள் ஒன்று இருக்குமானால், அந்த நாளில் செய்ய எண்ணிச் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தை இவ்வாரமே செய்துவிடுங்கள். துன்பத்திலிருக்கும் அண்டை வீட்டாரிடம் செல்லும்போது காரணம் எதையும் சுமந்து செல்லாதீர்கள்; சிறிது சோற்றைக் கொண்டு சென்று பக்கத்தில் அமருங்கள். கணம் வருவது ஆண்டவர் குறித்த வேளையில். அது வரும்போது அருகில் யாராவது இருக்க வேண்டும். அது போனபின் யாராவது எழுந்து உழைக்க வேண்டும்.

கோடையில் பண்ருட்டி வழியே வருகிறவர்கள் ஒரு பலாப்பழம் வாங்கிச் செல்லுங்கள். அறுக்குமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள மறவாதீர்கள். பிள்ளைகளை உட்கார வைத்துச் சுளைகளைப் பங்கிட்டுக் கொடுங்கள். கொட்டைகள் அனைத்தையும் குழம்பில் போட்டுவிடாமல், வீட்டின் பின்புறம் ஒரு முழ இடமிருந்தால் ஒன்றையாவது ஊன்றி வையுங்கள்.